ஆத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? நம்ம தோட்டத்து ஊரு எந்த மஜ்லிஸ் (உள்ளாட்சி மன்றம்)னு கண்டுபிடிச்சு வேலைய முடிக்கிறது எப்படி

போன மழைக்கு எங்க லோரோங்ல (சந்துல) லொங்கான் (சாக்கடை வாய்க்கால்) அடைச்சுக்கிட்டு தண்ணி வாசப்படி வரைக்கும் ஏறிடுச்சு. அதுக்காக மூணு கவுண்டர் ஏறி எறங்குனேன், மூணு எடத்துலயும் ஒரே பதில்தான், "இத்து புக்கான் காமி", அது எங்க வேலை இல்லன்னு. யாரோ ஒருத்தர் நம்மள ஏமாத்துறாங்கன்னு கடுப்பாகி கடைசியில காசு கட்டி நெலத்து ரெக்கார்ட எடுத்துப் பாத்தா, மூணு பேரும் உண்மையத்தான் சொல்லியிருக்காங்க. அந்த லொங்கான் ஓடுற ஒரு முழ நெலம் இன்னமும் பழைய தோட்டத்துக் கம்பெனி பேர்லயே கெடக்கு. பால்மரம் (ரப்பர்) போயி, செம்பனை போயி, தாமான் (வீட்டுக் குடியிருப்பு) வந்து இத்தன வருஷம் ஆச்சு, பேப்பர்ல அந்தத் துண்டு மட்டும் தோட்டமாவே இருக்கு.

அதனால இத எழுதுறேன். மலேசியாவுல நிபோங் திபால், பாரிட் புந்தார், பண்டார் பாரு இந்த முக்கோணத்துல இருக்கிறவங்களுக்குத்தான் முக்கியமா, ஆனா வேற எந்தத் தோட்டத்து ஊர்ல இருந்தாலும் பாதிக்கு மேல உதவும். யாரு நெலம்னு தெரியாம யார்கிட்டயும் போயி நிக்காதீங்க, அது தெரியணும்னா ஊரோட பழைய கத கொஞ்சம் தெரியணும், வேற வழி இல்ல.

எங்க ஊரு நெலவரம் தெரியாதவங்களுக்கு சொல்றேன். பாரிட் புந்தார் பேராக். அங்கிருந்து பாலம் ஏறி சுங்கை கெரியான (கெரியான் ஆறு) தாண்டுனா பண்டார் பாரு, அது கெடா. அந்தாண்ட கொஞ்ச தூரம் மோட்டார்ல போனா நிபோங் திபால், அது பினாங்கு. ஒரு தெ தாரிக் (டீ) ஆறுறதுக்குள்ள மூணு மாநிலம் சுத்திட்டு வந்துரலாம். கல்யாணத்துக்குப் பொண்ணு பினாங்குல, மாப்ள பேராக்ல, மண்டபம் கெடாவுலன்னு எங்களுக்கு இதெல்லாம் சாதாரணம், யாரும் எல்லையப் பாத்து பழகுறதில்ல. ஆனா மூணு மாநிலம்னா மூணு மஜ்லிஸ், மூணு தண்ணி பில்லு, ரெண்டு விதமான லீவு நாளு. இங்கதான் ஆளு மாட்டுவாரு.

போஸ்கோட நம்பாதீங்க, அதான் முதல் பாடம். நிபோங் திபால் 14300, பாரிட் புந்தார் 34200, சரி. ஆனா பண்டார் பாரு 34950, பாத்தா பேராக் மாதிரியே இருக்கும், ஊரோ கெடா. போஸ்கோட பாத்துட்டு லெட்டர பாரிட் புந்தாருக்கு அனுப்பிட்டு ரெண்டு மாசம் காத்துக் கெடந்த ஒருத்தர எனக்குத் தெரியும், பாவம் அவர் மேல தப்பே இல்ல.

ஆத்தையும் நம்பாதீங்க. நெறைய பேரு ஆத்துக்கு வடக்க பினாங்கு, தெக்க பேராக்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது முழுசா சரியில்ல, அதுக்கு ஒரு கத இருக்கு. 1786-ல பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவ எடுத்துக்கிட்டாரு, அப்புறம் 1800-ல கெடா சுல்தான்கிட்ட இன்னொரு ஒப்பந்தம் போட்டு எதிர்க்கரையில சுங்கை மூடாவுல இருந்து சுங்கை கெரியான் வரைக்கும் ஒரு நீள நெலத்தையும் வாங்கிட்டாங்க, வருஷத்துக்கு 10,000 டாலர் கெடாவுக்குக் குடுக்குறதா பேச்சு. அந்த நெலத்துக்கு அப்ப இந்தியாவுல கவர்னர் ஜெனரலா இருந்த வெல்லெஸ்லி பேர வச்சு புரொவின்ஸ் வெல்லெஸ்லின்னு பேரு வச்சாங்க, அதுதான் இன்னைக்கு செபராங் பிறை. அப்ப ஆறுதான் எல்லை. ஆனா 1874 ஜனவரி 20-ல பங்கோர் ஒப்பந்தம் போட்டாங்களே, ஸ்கூல்ல படிச்சிருப்போம், பேராக்குக்கு பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்த ஒப்பந்தம், அதே பேப்பர்ல எல்லையத் திருத்துறோம்னு சொல்லி ஆத்துக்குத் தெக்க ஒரு துண்டையும் சேத்து எடுத்துக்கிட்டாங்க. டிரான்ஸ்கிரியான்னு ஒரு தோட்டத்துக்குப் பேரு வந்தது சும்மா இல்ல, கெரியானுக்கு அந்தாண்டன்னு அர்த்தம். அதே ஒப்பந்தத்துல போன டிண்டிங்ஸ், லுமுட் பங்கோர் பக்கம், 1935-ல பேராக்குக்கு திரும்பப் போயிடுச்சு. எங்க துண்டு திரும்பல. அதனாலதான் ஆத்துக்குத் தெக்க இருக்கிற சுங்கை ஆச்சே இன்னைக்கும் பினாங்கு சட்டமன்றத்துல ஒரு தொகுதி.

சரி, இப்ப வேலைக்கு வருவோம். வீட்டுல பிரிட்ஜ் மேல ஒரு கட்டு பேப்பர் கெடக்கும் பாருங்க, அதுல சுக்காய் தானா (நில வரி) பில்லு இல்லன்னா கெரான் (நிலப் பட்டா) காப்பி தேடுங்க. அதுல முக்கிம்னு (மாவட்டத்துக்குள்ள சின்னப் பிரிவு) ஒரு எடம் இருக்கும். பினாங்குல முக்கிமுக்கு நம்பர்தான், முக்கிம் இத்தன, டேரா (மாவட்டம்) செபராங் பிறை செலாத்தான்னு வரும். பேராக் பக்கம் முக்கிமுக்கு பேரு இருக்கும், பாரிட் புந்தார், பாகான் செராய், குவாலா குராவ் இப்படி, டேரா கெரியான். கெடான்னா டேரா பண்டார் பாரு. இந்த ஒரு வரி தெரிஞ்சா நீங்க எந்த மாநிலம்னு சண்டையே இல்ல.

சுக்காய் தானாவும் சுக்காய் பிந்துவும் ஒண்ணுன்னு இன்னும் நெறைய பேரு நெனக்கிறாங்க. ஒண்ணு இல்ல. நில வரி பெஜாபாட் தானாவுக்கு (நில அலுவலகம்) போகுது, அது மாநிலத்தோட காசு. வீட்டு வரி மஜ்லிசுக்குப் போகுது, வருஷத்துக்கு ரெண்டு தடவ, பெரும்பாலும் பிப்ரவரி கடைசிக்குள்ள ஒண்ணு ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஒண்ணு. குப்பை எடுக்கல லைட் எரியலன்னு நில வரி ரசீத ஆட்டிக்கிட்டு போயி சண்டை போட்டா கவுண்டர்ல இருக்கிற பிள்ள சிரிக்கத்தான் செய்யும்.

இப்ப யாரு நெலம்னு பாக்கணும். பெஜாபாட் தானாவுக்குப் போயி "சாரியான் பெர்செண்டிரியான்" (தனியார் தேடல்) வேணும்னு சொல்லுங்க, லாட் நம்பர் இல்லன்னா கெரான் நம்பர் வேணும், ஒரு சின்ன கட்டணம் கட்டுனா பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க. நீங்க அந்த நெலத்துக்குச் சொந்தக்காரரா இருக்கணும்னு அவசியமே இல்ல, இது நெறைய பேருக்குத் தெரியாது. அதுல சொந்தக்காரர் பேரு, நெலம் விவசாயத்துக்கா வீட்டுக்கா, பேங்குல அடமானம் இருக்கா, காவியாட் (கைமாத்தத் தடை) போட்டிருக்கா எல்லாம் வரும். செபராங் பிறை செலாத்தானுக்கு ஆபீஸ் சுங்கை ஜாவியில, கெரியானுக்கு பாரிட் புந்தார்ல, பண்டார் பாரு டேராவுக்கு செர்டாங்ல. செர்டாங்னா சிலாங்கூர் செர்டாங் இல்ல, கெடா செர்டாங், ஜிபிஎஸ்ல போடும்போது பாத்துப் போடுங்க.

பினாங்கு பக்கம் ரொம்பப் பழைய தோட்டத்து நெலம்னா பேப்பர் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அங்க வெள்ளக்காரன் ஊர்ல மாதிரி பத்திர முறை இருந்துச்சு, அத மாத்துறதுக்குன்னே பினாங்குக்கும் மலாக்காவுக்கும் 1963-ல தனியா ஒரு சட்டம் போட்டாங்க, அப்புறம் 1966 ஜனவரி 1-ல இருந்து தீபகற்பம் முழுக்க ஒரே நிலச் சட்டம். அதனால தாத்தா காலத்துப் பத்திரம்னு யாராவது பெட்டியில இருந்து எடுத்துக் காட்டுனா அத அப்படியே நம்பாம இப்ப ரிஜிஸ்தர்ல என்ன இருக்குன்னு பாருங்க.

பிரிண்ட் கையில வந்துருச்சா, இப்ப யாருகிட்ட போறதுன்னு தானா தெரிஞ்சிடும். நெலம் தோட்டத்துக் கம்பெனி பேர்ல இருந்தா மஜ்லிஸ் உள்ள வராது. லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) ரோடு, லொங்கான், குப்பை, தண்ணி எல்லாம் தோட்டத்து நிர்வாகம்தான் பாக்கணும், தொழிலாளியா அங்க குடியிருந்தா வீடும் வசதியும் எப்படி இருக்கணும்னு 1990 சட்டம் 446-ல இருக்கு. நிர்வாகம் கண்டுக்கலன்னா ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு (லேபர் ஆபீஸ்) போகணும். கங்காணி காலத்துல துரை பங்களா வாசல்ல கைய கட்டி நின்ன பழக்கம் இன்னும் நம்ம ரத்தத்துல இருக்குன்னு நெனக்கிறேன், லேபர் ஆபீஸ்னாலே நம்ம ஆளுங்க தயங்குறாங்க. தயங்காதீங்க.

டெவலப்பர் பேர்ல இருந்தா, தாமான இன்னும் மஜ்லிஸ்கிட்ட ஒப்படைக்கலன்னு அர்த்தமா இருக்கலாம், அப்ப டெவலப்பரத்தான் பிடிக்கணும். ஒப்படைச்சாச்சுன்னா மஜ்லிஸ். பெரிய பாரிட் (வாய்க்கால்), ஆத்துக்கரை, தண்ணிக் கதவு இதெல்லாம் ஜேபிஎஸ் (நீர்ப்பாசன வடிகால் இலாகா). ஊருக்கு நடுவுல போற பெடரல் ரோடு 1 ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா). லயத்துக்கு நடுவுல போற மண்ரோடு நம்ம அப்பா காலத்துல இருந்து எல்லாரும் போறதால அது பொது ரோடுன்னு நெனச்சா தப்பு, அது வெறும் வழக்கம்தான்.

இனி மஜ்லிஸ் எதெதுன்னு பாப்போம். நிபோங் திபால் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்குக் கீழ, அது 2019 செப்டம்பர் 16-ல மாநகரா ஆச்சு, அதுக்கு முன்னாடி நகராண்மைக் கழகம். பாரிட் புந்தார் மஜ்லிஸ் டேரா கெரியான். பண்டார் பாரு மஜ்லிஸ் டேரா பண்டார் பாரு, ஆபீஸ் ஆத்தங்கரையில இல்ல, செர்டாங்ல. செபராங் பிறைங்கிறது வடக்கு நடு தெற்குன்னு மூணு மாவட்டத்துக்கும் ஒரே மன்றம்ங்கிறதால நமக்கு பெரிய ஆபீஸ் தூரம், டேரா மஜ்லிஸ்னா ஆபீஸ் பக்கம் ஆனா பட்ஜெட் சின்னது. எது நல்லதுன்னு கேட்டா, எனக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன ஆபீஸ்தான் பிடிக்கும், மூஞ்சி தெரிஞ்சா வேலை கொஞ்சம் சுருக்கா நடக்கும்.

மூணுக்கும் சட்டம் ஒண்ணுதான், 1976 உள்ளாட்சிச் சட்டம், நம்பர் 171. கவுன்சிலருங்க எட்டுக்குக் குறையாம இருபத்தி நாலுக்கு மேல போகாம இருப்பாங்க, மாநில அரசாங்கம் நியமிக்கும். ஆமா நியமனம்தான், ஓட்டு இல்ல. முன்னாடி நம்ம நாட்டுல உள்ளாட்சித் தேர்தல் இருந்துச்சு, 1965-ல இந்தோனேசியா கூட கொன்பிரொந்தாசி (மோதல்) நடக்கும்போது நிறுத்தி வச்சாங்க, அப்புறம் 1976 சட்டத்துல எடுத்தே போட்டாங்க. உங்க தாத்தா பட்டணத்துல இருந்திருந்தா கவுன்சிலுக்கு ஓட்டு போட்டிருப்பாரு, நீங்க போட்டதே இல்ல. அதனால இப்ப கவுன்சிலர் உங்க ஓட்டுக்குப் பயப்படமாட்டாரு, அவர நியமிச்ச கட்சிக்குத்தான் பயப்படுவாரு, ஓட்டுக்குப் பயப்படுறவரு ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்). அதான் புகார் லெட்டர் ரெண்டு பேருக்கும் போகணும்னு சொல்றேன். பினாங்கு பக்கம் ஜாவி, சுங்கை பாக்காப், சுங்கை ஆச்சே மூணு சட்டமன்றத் தொகுதியும் நிபோங் திபால் நாடாளுமன்றத்துக்குள்ள. பாரிட் புந்தார்ல தித்தி செரோங், குவாலா குராவ். கெடா பக்கம் பண்டார் பாரு தொகுதி, கூலிம் பண்டார் பாரு நாடாளுமன்றம்.

அதே சட்டத்துல செக்ஷன் 23-னு ஒண்ணு இருக்கு, மஜ்லிஸ் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்துதான் இருக்கணும், அவங்களே தீர்மானம் போட்டு மூடுனாதான் மூடலாம். நான் ஒரு தடவ போயி பின்னாடி சீட்ல உக்காந்தேன், நான் ஒருத்தன்தான் வெளியாளு, யாரோ அதிகாரின்னு நெனச்சு எனக்கும் காரிபாப் வச்சாங்க.

எல்லையில இருக்கிறவங்க மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம் சிலது. கெடாவுல வெள்ளி சனி லீவு, பினாங்கு பேராக்ல சனி ஞாயிறு. ஞாயித்துக்கிழம லீவுல வீட்ல இருக்கிற நீங்க செர்டாங் ஆபீசுக்குப் போகலாம், தொறந்திருக்கும். வெள்ளிக்கிழம போனா கேட்ட பாத்துட்டு வரவேண்டியதுதான். குப்பையும் அப்படித்தான். 2007 திடக்கழிவு சட்டம், நம்பர் 672, அத கெடா ஏத்துக்கிச்சு, பினாங்கும் பேராக்கும் ஏத்துக்கல. அதனால பண்டார் பாருவுல குப்பை எடுக்கலன்னா எஸ்டபிள்யூகார்ப்கிட்ட (திடக்கழிவு நிர்வாகக் கழகம்) புகார், பாலத்துக்கு இந்தப் பக்கம் நேரா மஜ்லிஸ்கிட்ட. தண்ணி பினாங்குல பிபிஏ, பேராக்ல லெம்பாகா ஆயர் பேராக், கெடாவுல சாடா. கரண்டுக்கு மட்டும் மூணு பக்கமும் தெனாகாதான், அதுவரைக்கும் தப்பிச்சோம்.

புகார் லெட்டர் எழுதுறது ஒரு கலைதான். மலாய்ல எழுதுங்க, நீளமா வேண்டாம், ஒரு பக்கம் போதும். பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், போன், வீட்டு அட்ரஸ், பிரச்சன இருக்கிற எடம். எடத்த "கோயிலுக்குப் பக்கத்துல"ன்னு எழுதாதீங்க, ஊர்ல பத்து கோயில் இருக்கு. பக்கத்துல இருக்கிற லைட் கம்பத்து நம்பர எழுதுங்க, கம்பத்துலயே பெயிண்ட் அடிச்சோ தகடு வச்சோ இருக்கும், போன்ல மேப்ப தொறந்து அந்தப் புள்ளிய பிடிச்சு வர்ற நம்பரையும் போடுங்க. போட்டோ மூணு போதும், ஒண்ணு கிட்டத்துல, ஒண்ணு தூரத்துல, ஒண்ணு மழை பெய்யும்போது. நெலத்து ரெக்கார்ட் பிரிண்ட் காப்பிய பின்னாடி சொருகுங்க, அதப் பாத்த ஒடனே கவுண்டர்ல பேச்சே மாறும், ஏன்னா "புக்கான் காமி"ன்னு சொல்ல முடியாது. கீழ எஸ்.கே.ன்னு போட்டு கவுன்சிலருக்கும் ஒய்பிக்கும் காப்பி. குடுக்கும்போது உங்க காப்பியில சாப் (முத்திரை) வாங்குங்க, ருஜுக்கான் (குறிப்பு) நம்பர் கேளுங்க. நம்பர் இல்லாத புகார் காத்துல போன பேச்சு. வாட்சாப்ல அனுப்புனேன் ரெண்டு புளூ டிக் வந்துச்சுங்கிறதெல்லாம் கணக்குல சேராது. ரொம்ப நாளா பதிலே இல்லன்னா பிரோ பெங்காடுவான் ஆவாம் (பொதுப் புகார் பிரிவு) இருக்கு, அந்த ருஜுக்கான் நம்பரோட அங்க போடுங்க.

வீட்டு வரி ஏத்துறாங்கன்னு லெட்டர் வந்தா மாமா கடையில ஒக்காந்து திட்டுறதோட விட்டுராதீங்க. அதே சட்டம் 171-ல செக்ஷன் 142, புது மதிப்பீட்டுக்கு ஆட்சேபம் எழுத்துல குடுக்கலாம், மறுபரிசீலனைக்கு அவங்க குறிச்ச தேதிக்கு பதினாலு நாளைக்கு முன்னாடியே போயி சேரணும். காசு இல்லன்னு எழுதுனா அது காரணமா எடுத்துக்கமாட்டாங்க. பக்கத்து வீடு அதே சைஸ், அதுக்குக் கம்மியா மதிப்பு போட்டிருக்காங்க, எனக்கு அதிகம், இப்படி எழுதணும். அதுக்கும் ஒத்துக்கலன்னா ஹைகோர்ட் வரைக்கும் போகலாம், ஆனா ஒரு டெரஸ் வீட்டுக்கு அவ்வளவு தூரம் யாரு போவாங்க.

தோட்டத்துல கோயிலோ தமிழ்ப்பள்ளியோ இருந்தா, தோட்டம் கைமாறுற பேச்சு வர்றதுக்கு முன்னாடியே நெலத்து ரெக்கார்ட பாத்து வையுங்க. பால்டோசர் வந்தப்புறம் பேனர் கட்டுறது பழக்கமாப் போச்சு நமக்கு. நகர திட்டத்துக்கு 1976 சட்டம் 172, மஜ்லிஸ் ரன்சாங்கான் தெம்பாத்தான் (உள்ளூர் திட்டம்) தயாரிக்கும்போது டிராப்ட்ட பொதுமக்கள் பார்வைக்கு வப்பாங்க, ஆட்சேபம் சொல்ல குறைஞ்சது நாலு வாரம். அந்த மேப்புல உங்க கோயில் நிக்கிற எடம் என்ன கலர்னு போயி பாருங்க. வீட்டு நெலம்னு கலர் அடிச்சிருந்தா அப்பவே கமிட்டி லெட்டர் எழுதணும். கொடிமரம் வச்சு கும்பாபிஷேகம் பண்ணி வீடியோ எடுக்குறதுல காட்டுற சுறுசுறுப்புல பாதி இதுல காட்டுனா போதும்.

சரி, பழைய கதைய எங்க தேடுறது? முதல்ல வீட்டுக் கெழவிகிட்ட. ஆனா "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "கஷ்டம்தான்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. எந்த டிவிஷன், பெரட்டு (காலை ஆள் கணக்கு) எங்க போட்டாங்க, கிராணி (தோட்டத்துக் கிளார்க்) யாரு, கங்காணி எந்த ஊரு ஆளு, ரஜுலா கப்பல்ல வந்தது யாரு, தோட்டத்த துண்டாடுனப்ப யாரு யாரு வெளிய போனாங்க, இப்படித் துண்டு துண்டா கேளுங்க, அப்புறம் நிறுத்தவே முடியாது. துண்டாடல்னா ஐம்பதுகள்ல அறுபதுகள்ல பெரிய தோட்டத்த வெட்டி வெட்டி வித்தது, அத தாங்க முடியாமத்தான் 1960-ல அப்ப அமைச்சரா இருந்த சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. உங்க லாட் நம்பர் ஏன் விசித்திரமா ஒடஞ்சு கெடக்குன்னா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

பாட்டி சொல்ற தோட்டத்துப் பேரு மேப்புல இருக்காது, நம்ம ஆளுங்க வச்ச பேரு வேற, கம்பெனி பேரு வேற. ரெண்டையும் இணைக்க பொறந்த சர்டிபிகேட் உதவும், பொறந்த எடத்துல தோட்டத்துப் பேரு இருக்கும். அப்புறம் கோயில் கல்வெட்டு, உபயம் போர்டு, பழைய மணியில வெட்டியிருக்கிற எழுத்து, இடுகாட்டுக் கல்லு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயா இங்கிலீஷ் பேப்பர் நெறைய இன்டர்நெட்ல இலவசமா போட்டு வச்சிருக்கு, அதுல தேடுங்க, கெரியான்னு இப்ப எழுதுற ஸ்பெல்லிங்ல தேடுனா சரியா வராது, அவன் கிரியான்னுதான் எழுதுவான். நான் அப்படித்தான் ராத்திரி முழுக்க முழிச்சு படிச்சேன். இந்தப் பக்கம் முதல்ல ரப்பர் இல்ல, கரும்பு. 1840-கள்ல இருந்து கரும்புத் தோட்டம், அதுக்குத்தான் நம்ம ஆளுங்கள ஒப்பந்தக் கூலியா எறக்குனாங்க, அந்த ஒப்பந்தமுறை 1910-லதான் நின்னுச்சு. சுங்கை பாக்காப் பக்கம் இருக்கிற வால்டோர் கம்பத்துப் பேருகூட ஒரு கரும்புத் தோட்டத்தோட பேருதான். பைராம் தோட்டத்துல இருக்கிற 99 கதவு பங்களாவுக்கு பேய் பாக்க வர்ற பசங்க நெறைய, 1948-ல அந்தக் குடும்பத்து ராம்ஸ்டன் துரைய சுட்டுக் கொன்னதயும் சேத்து கத விடுவாங்க. அந்தப் பங்களாவுக்கு காசு எந்தக் கரும்புல எந்தப் பால்மரத்துல இருந்து வந்துச்சு, அத வெட்டுனது சீவுனது யாருன்னு ஒரு வீடியோவுலயும் சொல்லமாட்டாங்க.

கரும்புக்காக அப்ப வெட்டுன பாரிட்ட இப்பவும் சில எடத்துல தாமானுக்கு நடுவுல பாக்கலாம். எங்க லொங்கானும் அதுல ஒண்ணா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம், பழைய சர்வே பிளான் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். கம்பெனி எச்கியூவுக்கு (தலைமையகம்) ரெக்கார்ட் காப்பியோட ரெஜிஸ்தர் லெட்டர் அனுப்புனதுல போன வாரம் ரெண்டு பேரு வந்து டேப் வச்சு அளந்துட்டு, அடுத்த மழைக்குள்ள தோண்டித் தர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவங்க பேரையும் காடி (கார்) நம்பரையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.